டிஜே, போட்டோ பூத்: வரவேற்பு மாலையில் எது எப்போது, எங்கே?

கேள்வி: நான்கு மாதத்தில் எனக்குத் திருமணம். மாலை வரவேற்பு நான்கு மணி நேரம், ஏறத்தாழ 300 பேர் வருவார்கள். டிஜேயும் போட்டோ பூத்தும் வைத்தே ஆக வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். அப்பாவுக்குத் துளியும் விருப்பமில்லை. "பெரியவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூட முடியாது, சாப்பிட்டதும் கிளம்பிடுவாங்க" என்கிறார். இரண்டையும் சேர்த்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. அவர்களுடைய பேக்கேஜில் இருப்பது 360 டிகிரி வீடியோ பூத். தம்பியின் நண்பர் ஒருவரோ, "லேப்டாப்ல நானே பாட்டுப் போடுறேன், டிஜே எதுக்கு?" என்கிறார். பணம் இடித்தால் எதை விடலாம்? யாரையாவது அமர்த்தும் முன் என்ன கேட்க வேண்டும்? நான் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அப்பாவிடமிருந்து தொடங்குங்கள். வரவேற்புகளுக்கு ஒலியும் ஒளியும் அமைத்துக்கொடுத்து, நிகழ்ச்சி வரிசையைப் பார்த்துக்கொள்வது என் தொழில். அவர் சொல்வது வீண் பயம் இல்லை. பெரியவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடும் வரவேற்புகள் நிறைய. ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் டிஜே என்ற ஏற்பாடு அல்ல, அது தொடங்கும் நேரம். கூட்டம் இன்னும் வந்துகொண்டிருக்கும், ஆட ஒருவரும் தயாராக இருக்க மாட்டார்கள், அப்போதே ஆட்டத்துக்கான சத்தத்தில் பாட்டு அலறும். பல வருடம் கழித்துச் சந்திக்கும் இரண்டு உறவுக்காரர்கள் "என்ன சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்பார்கள். மூன்றாவது தடவை கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. சிரித்து, தலையாட்டி, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அதனால் யாரிடமும் விலை கேட்கும் முன் அந்த நான்கு மணி நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். முதல் ஒன்றேகால் மணி நேரம் வருகைக்கும் பேச்சுக்கும். இசை பின்னணியில் மட்டும். பூத் இந்த நேரத்தில்தான் திறந்திருக்க வேண்டும். வந்தவர்கள் உடுத்தியது கலையாமல், கையில் வேலையில்லாமல், இனி என்ன என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்து உங்கள் வருகை, யாராவது இரண்டு வார்த்தை பேசுவது. அப்போது பூத்தை மூடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பேசுபவருக்கு முன்னால் பாதிக் கூட்டம் முதுகு காட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும். பிறகு சாப்பாடு. கடைசி ஒன்றரை மணி நேரம் ஆட்டத்துக்கு. பூத்தை அந்த ஒன்றரை மணியின் முதல் பாதி வரைக்கும் மறுபடி திறந்து வைக்கலாம்.

இப்படி வைத்தால் கிளம்ப நினைப்பவர்கள் சத்தம் ஏறும் முன்பே எல்லோரையும் பார்த்து, பேசி, படம் எடுத்துக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பலாம். இருக்க நினைப்பவர்கள் இருப்பார்கள். இந்தத் தாளை அப்பாவிடம் காட்டுங்கள். அவருடைய மறுப்பில் பாதி அங்கேயே கரைந்துவிடும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதிக்கு, சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டும்.

அருகருகே நின்று சாதாரணமாகப் பேசும் குரல் ஏறத்தாழ 60 டெசிபல். பின்னணி இசை அதை ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ இருந்தால் பேச்சு தடைப்படாது. சிக்கல் என்னவென்றால், 300 பேர் சேர்ந்தாலே கூட்டத்தின் இரைச்சல் அதைத் தாண்டிவிடும். பாட்டு கேட்கவில்லையே என்று டிஜே ஒரு புள்ளி ஏற்றுவார். தங்கள் பேச்சு கேட்கவில்லையே என்று விருந்தினர்கள் குரலை ஏற்றுவார்கள். அவர் மறுபடி ஏற்றுவார். இரைச்சலில் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதை எத்தியேன் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே விவரித்திருக்கிறார். அவர் பெயரிலேயே அது லோம்பார்டு விளைவு என்று அழைக்கப்படுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் பாட்டு சரியாகக் கேட்காமல் போனால் பரவாயில்லை என்று டிஜேயிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது அவருடைய தவறு அல்ல என்று தெரிந்தால் அவரும் கை வைக்க மாட்டார்.

ஆடும் நேரத்தில் மெதுவாகப் போடுங்கள் என்று கேட்பது நடக்காது. பாட்டு உடம்பில் அதிராமல் யாரும் ஆட வர மாட்டார்கள். ஆனால் அதற்கும் ஓர் எல்லை வைக்கலாம். பணியிடங்களில் காதுக்குப் பாதுகாப்பான அளவு 85 டெசிபல், 8 மணி நேரம் என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 91 என்றால் 2 மணி நேரம். 94 என்றால் 1 மணி நேரம். 100 என்றால் வெறும் 15 நிமிடம். கேளிக்கை இடங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட நெறிமுறையில், 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. அது உச்ச வரம்பு, எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல. உங்கள் ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்கு, ஆடும் இடத்தின் நடுவில் 90-ஐ ஒட்டி இருந்தால் போதும். அந்த அளவிலேயே நன்றாக ஆடலாம். நயோஷ் ஐபோனுக்கு இலவச ஒலி அளவுச் செயலி ஒன்று வெளியிட்டிருக்கிறது. மற்ற போன்களிலும் இப்படிச் செயலிகள் உண்டு, துல்லியம் முன்னே பின்னே இருக்கும். விவரம் தெரிந்த ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். தயவுசெய்து அப்பாவிடம் கொடுக்காதீர்கள், அவர் மாலை முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அளவை விடவும் ஸ்பீக்கர் இருக்கும் இடம் முக்கியம். பெரிய ஸ்பீக்கர் இரண்டை முன்னால் நிறுத்தி, அதன் சத்தத்தைக் கடைசி வரிசை வரைக்கும் தள்ளுவதுதான் வழக்கமான ஏற்பாடு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது, ஆனாலும் குறையும். கடைசி வரிசைக்குச் சரியாகக் கேட்க வேண்டும் என்றால் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்களின் காது கிழியும். அதற்குப் பதிலாக, ஆட்டத்துக்கான ஸ்பீக்கர்களை ஆடும் இடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, பேச்சும் பின்னணி இசையும் மட்டும் கேட்கும்படி பின்பக்கம் சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டு மூன்று வைக்கச் சொல்லுங்கள். "பின்னால தனியா ஸ்பீக்கர் வெச்சு, அதோட சத்தத்தைத் தனியாக் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்று யோசிக்காமல் சொல்பவருக்குத் தொழில் தெரியும்.

பெரியவர்களின் மேசைகளை எங்கே போடுவது? ஸ்பீக்கருக்கு நேர் எதிரே கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்பீக்கருக்குப் பின்னால் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பார்கள், அதுவும் சரியில்லை. கூர்மையான ஒலி முன்னால் போகும், தாழ்ந்த, கனமான ஒலியைத் தரும் ஸ்பீக்கரான சப்வூஃபரின் அதிர்வு எல்லாத் திசையிலும் பரவும். மண்டபத்தின் மூலைகளில் அது இன்னும் திரண்டு நிற்கும். ஆடும் இடத்திலிருந்து தள்ளி, மூலையை விட்டு, வாசலுக்கோ கழிப்பறைக்கோ போக வசதியான பக்கத்தில் போடுங்கள். காதுக்கருவி வைத்திருப்பவர்கள் யாராவது வருகிறார்களா என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்குப் பின்னணி இரைச்சலில் பேச்சைப் பிரித்துக் கேட்பது மற்றவர்களைவிடக் கடினம். கைக்குழந்தையோடு வருபவர்களையும் அந்தப் பக்கமே உட்கார வையுங்கள்.

சரி, இனி தம்பியின் நண்பர். அவர் சொல்வதைத் தட்டிக் கழிக்க வேண்டாம். உங்கள் கூட்டத்தில் ஆடுவது அரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது என்று உங்களுக்கே தோன்றினால், நல்ல ஒலி அமைப்பை மட்டும் ஆளோடு வாடகைக்கு எடுத்து, பாட்டை நண்பரிடம் விடுவது புத்திசாலித்தனம். லேப்டாப்பில் அறிவிப்புகளை அணைத்து, திரை தானாக அணையாமல் வைத்து, பாட்டையெல்லாம் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளட்டும். மண்டபத்து இணையத்தை நம்பக்கூடாது. பாட்டு ஓடும் போனில் அழைப்பு வந்தால் ரிங்டோனும் அதே ஸ்பீக்கரில்தான் வரும். இன்னொன்று, பாட்டுச் செயலிகளின் தனிநபர் சந்தா பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். விழாவில் பாட்டு ஒலிபரப்ப உரிமம் தேவையா, அதை யார் எடுப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறும். மண்டபத்தாரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்றரை மணி நேரம் ஆட்டம் வேண்டும் என்றால் நண்பர் போதாது. அவருக்குப் பாட்டு தெரியாது என்பதால் சொல்லவில்லை. அவர் உங்கள் விருந்தாளி, அவருக்கும் ஆட ஆசை இருக்கும். டிஜே என்பவர் பாட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர். இந்தப் பாட்டுக்கு யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்தார்கள், ஓரமாக நின்று காலால் தாளம் போடுவது யார் என்று கவனித்து அடுத்ததைத் தேர்ந்தெடுப்பார். நிமிடத்துக்கு 90 தாளம் போகும் பாட்டிலிருந்து ஒரேயடியாக 130-க்குத் தாவினால் பாதிப்பேர் தடுமாறி நின்றுவிடுவார்கள். தெரிந்தவர் படிப்படியாக ஏற்றி, நடுவில் ஒரு தடவை இறக்கி, மூச்சு வாங்கவிட்டு மறுபடி ஏற்றுவார். அந்த இறக்கத்தில் பழைய பாட்டு இரண்டு வந்தால் பெரியவர்களும் எழுந்து வருவார்கள். அந்தப் பத்து நிமிடம்தான் பல குடும்பங்களில் பிற்பாடு பேசப்படும் நேரம், அதைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

பாட்டுப் பட்டியல் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. ஒன்றரை மணி நேரத்தில், ஒரு பாட்டு சராசரியாக மூன்று நிமிடம் ஓடினால், 30 பாட்டுதான் போகும். உங்கள் தம்பி 120 பாட்டு எழுதிக்கொடுப்பார், அதைப் போட்டு முடிக்க ஆறு மணி நேரம் ஆகும். கட்டாயம் வேண்டியவை 10, கூடவே கூடாதவை 10 என்று எழுதிக் கொடுத்துவிட்டு மீதியை டிஜேயிடம் விடுங்கள். இரண்டாவது பட்டியல்தான் அதிகம் உதவும். கேட்டாலே ஒருவருக்குப் பிரிந்துபோனவர் நினைவு வரும் பாட்டு, வரிகள் முகம் சுளிக்க வைக்கும் பாட்டு, இதெல்லாம் குடும்பத்துக்குத்தான் தெரியும், டிஜேக்குத் தெரியாது. விருந்தினர்கள் நேரில் போய்ப் பாட்டு கேட்டால் போட வேண்டுமா என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். "கூடாதவை பட்டியலில் இல்லையென்றால் போடுங்கள்" என்று நான் சொல்வேன்.

மைக்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வரவேற்பில் அதிகம் சொதப்புவது அதுதான். வயர்லெஸ் மைக் இரண்டு, புது பேட்டரியோடு. கூடவே வயர் உள்ளது ஒன்று தயாராக. சில மலிவான வயர்லெஸ் மைக்குகள் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்கும். காலி மண்டபத்தில் சோதிக்கும்போது நன்றாக இருக்கும், நூற்றுக்கணக்கான போன்கள் உள்ளே வந்ததும் திக்கித் திணறும். பேசப்போகிறவர்களிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள்: மைக்கின் வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள், ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். இரண்டில் எதைச் செய்தாலும் அது ஊளையிடும்.

போட்டோ பூத்துக்கு வருவோம். எனக்கு இது டிஜேயைவிடப் பிடித்த ஏற்பாடு, ஆடத் தெரியாதவர்களுக்கும் ஆட விரும்பாதவர்களுக்கும் இதில் இடம் இருப்பதால். 1925-ல் அனடோல் ஜோசஃபோ என்பவர் நியூயார்க்கின் பிராட்வேயில் தானியங்கிப் போட்டோ இயந்திரத்தை வைத்தபோது, காசு போட்டு உள்ளே உட்கார்ந்தால் ஏறத்தாழ 8 நிமிடத்தில் 8 படங்கள் கொண்ட பட்டை வெளியே வந்தது. மக்கள் வரிசையில் நின்றார்கள். எதிரே படம் எடுக்கிறவர் இல்லை, அதுதான் அதன் கவர்ச்சி. யாரும் பார்க்காத இடத்தில் மனிதர்கள் முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கும் திரை போட்ட மூடிய பூத்தில் வரும் படங்களில் ஒரு குறும்பு இருக்கும். திறந்த பூத்தில் அது கொஞ்சம் குறையும், ஆனால் எட்டுப் பத்துப்பேர் சேர்ந்து நிற்கலாம், சக்கர நாற்காலியில் வருபவரும் சிரமமில்லாமல் நுழையலாம். மூன்று தலைமுறை சேர்ந்து வரும் கூட்டத்துக்கு நான் திறந்த பூத்தைத்தான் சொல்வேன்.

360 டிகிரி பூத் வேறு வகை. சின்ன மேடையில் இரண்டு மூன்று பேர் ஏறி நிற்க, கேமரா பொருத்திய கை அவர்களைச் சுற்றி வரும், மெதுவாக ஓடும் வீடியோ கிடைக்கும். பார்க்க அழகுதான். ஆனால் மேடையில் ஏறி இறங்க வேண்டும், சுற்றும் கையின் பாதையில் குழந்தைகள் வராமல் ஒருவர் நின்று தடுக்க வேண்டும், வீடியோ கோப்பு பெரியது என்பதால் போனுக்கு அனுப்ப நல்ல இணையம் வேண்டும். கையில் எடுத்துப்போகத் தாளில் எதுவும் கிடைக்காது. இளைஞர்கள் மட்டும் வரும் விருந்துக்குச் சரி. உங்கள் அப்பா கவலைப்படும் கூட்டத்தில் பாதிப்பேர் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் படம் அச்சாகும் சாதாரண பூத்தை வையுங்கள்.

எத்தனை பேர் எடுக்க முடியும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. அச்சு நேரம் இப்போது பிரச்சினையே இல்லை. பூத்களில் பெரும்பாலும் இருப்பது டை-சப்ளிமேஷன் அச்சு இயந்திரம். வெப்பத்தால் நிறத்தைத் தாளில் ஏற்றி, மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சையும் போட்டு, பத்துப் பதினைந்து விநாடியில் காய்ந்த படத்தைத் தந்துவிடும். இங்க்ஜெட் வைத்துக்கொண்டு வருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம், ஈரக்கை பட்டால் கலைந்துபோகலாம். நேரம் போவது மனிதர்களால்தான். தொப்பியையும் கண்ணாடியையும் தேர்ந்தெடுத்து, "அவரையும் கூப்பிடு" என்று ஒருவரைத் தேடிப்பிடித்து, மூன்று படம் எடுத்து வெளியே வர ஒரு குழுவுக்கு இரண்டு நிமிடம் ஆகும். மூன்று மணி நேரத்தில் 90 குழு. குழுவுக்கு மூன்று பேர் என்றால் 270 பேர். ஆனால் கூட்டம் அப்படி அளந்து வராது, சிலர் நான்கு தடவை போவார்கள், சிலர் எட்டியே பார்க்க மாட்டார்கள். உங்கள் 300 பேருக்கு ஒரு பூத் போதும், முதல் மணி நேரத்திலேயே திறந்தால். சாப்பாட்டுக்குப் பிறகுதான் திறப்போம் என்றால் போதாது.

இடத்துக்கு வருவோம். அலங்காரம் கெட்டுவிடும் என்று பூத்தைத் தாழ்வாரத்திலோ பக்கத்து அறையிலோ தள்ளிவிடுவார்கள். பூத் தெரியாத இடத்தில் இருந்தால் போகமாட்டார்கள், போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள், ஆடும் இடமும் காலியாகும். ஒரே மண்டபத்துக்குள், ஆடும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், ஸ்பீக்கர் நேராகத் தாக்காத சுவர் ஓரத்தில் வையுங்கள். பூத் உதவியாளரும் விருந்தினரும் அங்கே பேசிக்கொள்ள வேண்டும். பத்துக்குப் பத்து அடி இருந்தால் தாராளம். ஆனால் வரிசை நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள். அந்த வரிசை சாப்பாட்டுக்குப் போகும் வழியையும் அவசர வெளியேறும் வழியையும் மறிக்கக்கூடாது.

ஆடும் இடத்தைப் பெரிதாக விடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஆட 4 முதல் 5 சதுர அடி போதும். ஒரே நேரத்தில் 80 பேர் ஆடுவார்கள் என்று வைத்தால் இருபதுக்கு இருபது அடி. அதைவிடப் பெரிதாக இருந்தால் எப்போதும் காலியாகவே தெரியும், காலியான தரையில் முதல் ஆளாக இறங்க யாருக்கும் மனம் வராது.

பூத் படங்களில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி அச்சடிக்கச் சொல்லுங்கள். ஒன்று விருந்தினருக்கு. இன்னொன்றை ஓர் ஆல்பத்தில் ஒட்டி, பக்கத்தில் அவர்கள் கையாலேயே ஒரு வரி எழுதித் தரட்டும். இதற்குப் பசை, பேனா, ஒரு மேசை, "இதுல ஒண்ணு ஒட்டிட்டு எழுதுங்க" என்று சிரித்த முகத்தோடு கேட்கும் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் ஆல்பம் பாதியிலேயே நின்றுவிடும். கூச்சமில்லாத உறவுப்பெண் ஒருத்தியை அங்கே நிறுத்துங்கள்.

அப்புறம், படங்கள் எங்கே போகின்றன என்று கேளுங்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வரும் தொகுப்பு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறதா, கடவுச்சொல் உண்டா, எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், உங்கள் விருந்தினரின் படத்தைத் தங்கள் விளம்பரத்தில் போடுவார்களா? குழந்தைகளின் படம் விளம்பரத்தில் வரக்கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள். அனுப்புவதற்காகப் போன் எண்ணை வாங்குகிறார்கள் என்றால், அதை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

டிஜேயும் பூத்தும் ஒரே மண்டபத்தில் இருக்கும்போது மோதிக்கொள்வது வெளிச்சத்திலும் மின்சாரத்திலும். டிஜேயின் சுழலும் வண்ண விளக்கு பூத் பக்கம் திரும்பினால் மணமகனின் கன்னம் பச்சையாகவும் மணமகளின் நெற்றி ஊதாவாகவும் படத்தில் வரும். விளக்குகளின் திசையை அந்தப் பக்கம் போகாமல் கட்டுப்படுத்தச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. லேசர் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. நேரே பட்டால் கேமராவின் சென்சாரைக் கெடுத்துவிடும், கண்ணுக்கும் நல்லதில்லை. உங்கள் புகைப்படக்காரரிடம் கேட்டால் அவர் என்னைவிடக் கடுமையாகச் சொல்வார். விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. விநாடிக்கு 3 முதல் 30 தடவை வரை மின்னுவது அபாயமான வேகம். ஆட்டத்துக்கு அது இல்லாமலே முடியும். புகை இயந்திரம் வைப்பதாக இருந்தால் மண்டபத்தின் புகை எச்சரிக்கை மணி அடிக்குமா என்று முன்பே கேளுங்கள்.

மின்சாரத்தில், விளக்குகளும் ஒலி அமைப்பும் அச்சு இயந்திரமும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து நீட்டிப்பு வயர் போட்டு ஓடக்கூடாது. அச்சு இயந்திரம் வெப்பத்தால் வேலை செய்வது, ஒவ்வொரு படத்துக்கும் மின்சாரத்தை இழுக்கும். தனித்தனி சர்க்யூட் கேளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எவ்வளவு நேரத்தில் ஏறும், அது இவர்களுடைய சாதனங்களையும் தாங்குமா என்பது மண்டபத்தாரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது அந்த பேக்கேஜ். ஒரே நிறுவனம் இரண்டையும் தருவதில் வசதி உண்டு. விளக்கு, மின்சாரம், நேரம் பற்றி இவர்களே தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், உங்களுக்கு ஒரே ஆளிடம் பேசினால் போதும். குறை என்னவென்றால், பெரும்பாலும் ஒன்றில்தான் அவர்களுக்குக் கைதேர்ந்த ஆள் இருப்பார். மற்றதை வெளியிலிருந்து வாடகைக்கு எடுத்து அனுப்புவார்கள். அதனால், "டிஜேயா வரப்போறவர் யார்? அவரோட நான் பேசணும்" என்று கேளுங்கள். அவர் வாசித்த முழு நிகழ்ச்சியின் இருபது நிமிடப் பதிவு, வெட்டி ஒட்டாதது, கேட்டு வாங்குங்கள். விளம்பர வீடியோவில் எல்லோரும் ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். பூத்துக்கும் அப்படியே. ஒரு வரவேற்பின் முழுத் தொகுப்பையும், அந்தக் குடும்பத்தின் அனுமதி இருந்தால், காட்டச் சொல்லுங்கள். கடைசி அரை மணி நேரப் படங்களும் முதல் படங்கள் போலவே தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

360-க்குப் பதிலாகச் சாதாரண பூத் வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம். பல இடங்களில் மாற்றித் தருவார்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: வருபவரின் பெயர், அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் வருவார், சாதனம் பழுதானால் மாற்று கையோடு இருக்குமா அல்லது எங்கிருந்தோ வர வேண்டுமா. பொருத்தும் நேரமும் கழற்றும் நேரமும் நீங்கள் பணம் கொடுக்கும் நான்கு மணி நேரத்துக்குள் சேருமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள், சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். பூத்தை நடுவில் மூடி வைக்கும் நேரத்துக்குக் கட்டணம் உண்டா, அச்சுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டா, நேரம் நீண்டால் அரை மணிக்கு எவ்வளவு, தேதி மாறினால் முன்பணம் என்னாகும். விருந்தினர் யாராவது ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாலோ வயரில் தடுக்கி விழுந்தாலோ யார் பொறுப்பு என்பதும் வேண்டும். வயர்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுவது அவர்கள் வேலை என்று சேர்த்து எழுதுங்கள்.

பணம் இடித்தால் எதை விடுவது? முதலில் விளக்கு, புகை, எல்இடி தரை மாதிரியான அலங்காரங்களை விடுங்கள். அதற்கடுத்து டிஜேயின் நேரத்தைக் குறையுங்கள். முதல் இரண்டு மணி நேரப் பின்னணி இசையைத் தம்பியின் நண்பர் தயார் செய்த பட்டியல் பார்த்துக்கொள்ளட்டும். நண்பருக்கும் மரியாதை, உங்களுக்கும் மிச்சம். டிஜேயைக் கடைசி இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் அழையுங்கள். ஆனால் ஒலி அமைப்பு ஆரம்பத்திலிருந்தே வேண்டும், கையோடு ஒரு ஒலிப் பொறுப்பாளரும். அப்படியும் இடித்தால் நான் டிஜேயை விட்டுவிட்டு பூத்தை வைத்துக்கொள்வேன். ஆனால் இது உங்கள் கூட்டத்தைப் பொறுத்தது. வீட்டு விசேஷங்களில் சின்ன ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டாலே எழுந்து ஆடும் குடும்பம் என்றால் தலைகீழாகச் செய்யுங்கள், பூத்துக்குப் பதில் ஒரு பின்னணித் திரை, நல்ல விளக்கு, ஸ்டாண்டில் ஒரு போன் போதும். ஒலியில் மட்டும் கை வைக்காதீர்கள். மலிவான ஒலி அமைப்பில் உங்கள் அப்பா பேசும் இரண்டு வார்த்தையும் கேட்காது.

நான்கு மாதம் போதுமான நேரம்தான், ஆனால் திருமணங்கள் குவியும் மாதம் என்றால் நல்ல டிஜேக்களின் தேதிகள் சீக்கிரம் போய்விடும். இந்த வாரம் தாளை எழுதுங்கள், அடுத்த வாரம் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். முடிவு செய்யும் முன் டிஜேயையும் பூத்காரரையும் ஒரே நாளில் மண்டபத்துக்கு வரவழைத்து, தரையில் நின்று, "ஸ்பீக்கர் எங்கே, பூத் எங்கே, பிளக் பாயின்ட் எங்கே" என்று காட்டச் சொல்லுங்கள். ஓர் அளவு டேப் எடுத்துப்போங்கள். "இன்னிக்கே முன்பணம் குடுத்தாத்தான் இந்த விலை" என்று யாராவது அவசரப்படுத்தினால், மண்டபத்தைப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நல்லவர்கள் இரண்டு நாள் காத்திருப்பார்கள்.